சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கேட்டு வரும் அம்மாவை என்ன சொல்லி அனுப்புவது?

தாளடி | செவ்வாய், இரவு 9:52

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கடை என்னுடையதல்ல. நாளைக் காலைக்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும், அதனால்தான் இந்நேரத்தில் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலிலேயே இருந்தவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் அட்டைத் துண்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். யாரோ கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தது. இரண்டு மாத்திரை மிச்சம். பின்பக்கத்தில் பெயரின் வால் மட்டும் ‘மெத்தசோன்’ என்றும், அதன் கீழே 0.5 என்றும் தெரிந்தது. முன்பாதிப் பெயரும் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டன. எங்கள் அலமாரியில் இருந்த பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுவேதான்.

“இதே மாத்திரையில் இரண்டு அட்டை கொடு தாயி.”

எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். போன வருஷம் சம்பா அறுப்பிலிருந்தாம். முட்டிவலிக்குத் தினமும் ஒன்று, வலி கூடினால் இரண்டு. அவர்கள் ஊர்க் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார், அந்தக் கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. சீட்டு என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

முகம் உப்பி வட்டமாகியிருக்கிறது. முழங்கைக்குக் கீழே ஊதா நிறத் திட்டுகள். பெஞ்சிலிருந்து எழும்போது இரண்டு கையாலும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். முட்டிவலி என்கிறார். ஸ்டீராய்டால் தொடைத் தசையின் பலமே போயிருக்கிறது என்பது என் சந்தேகம்.

ஷெட்யூல் எச், அதாவது மருத்துவர் சீட்டுக்குத்தான் விற்கக்கூடிய மருந்து; இவரிடம் சீட்டு இல்லை. ‘கிடையாது’ என்று சொல்லிவிட்டால் என் பக்கம் தப்பில்லை. ஆனால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் விழுங்கியவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். முதலாளி “கொடுத்தனுப்பேன்” என்கிறார். நான் இன்று விற்கவில்லை. கையில் இருப்பதை நிறுத்தாமல் சாப்பிடுங்கள், காலையில் வாருங்கள், டாக்டரிடம் போக நானே ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வந்தால் என்ன செய்வது?

அரசலாறு | செவ்வாய், இரவு 10:15

தங்கச்சி, கும்பகோணத்தில் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன். பத்து மாத்திரை கொடுங்கள். ‘இது தீர்வதற்குள் டாக்டரைப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். நிறுத்தினால் ஆபத்து என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்புறம் என்ன யோசனை? நீங்கள் கொடுக்காவிட்டால் நாலு கடை தள்ளி ஒருவர் கொடுக்கத்தான் போகிறார். வாடகை, கரண்ட் பில், உங்கள் சம்பளம் எல்லாம் அந்தக் கவுண்டரிலிருந்துதான் வருகிறது. முதலாளி பேசுவதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

பாமணி | செவ்வாய், இரவு 10:31

அண்ணா, பத்து மாத்திரையோடு அனுப்பினால் பதினோராம் நாள் அதே அம்மா அதே அட்டைத் துண்டோடு வருவார். அன்றைக்கு என்ன சொல்வீர்கள்?

சட்டத்தைப் பேசிவிடுவோம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதி. ஷெட்யூல் எச் மருந்தைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அவசரத்துக்கு நாலு மாத்திரை கொடுக்கலாம் என்ற விலக்கு நம் நாட்டில் மருந்தாளுநருக்குக் கிடையாது. பிரிட்டனில் அவசர வழங்கல் என்று ஓர் ஏற்பாடு உண்டு, பலர் அதை எடுத்துக்காட்டுவார்கள். அங்கேயும் அந்த மருந்தை முன்பு ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இந்த அம்மாவுக்கு எந்த டாக்டரும் எழுதவில்லை, ஒரு கடைக்காரர் ஆரம்பித்து வைத்தது. ஆகவே லண்டனில் இருந்தாலும் உங்கள் பாடு இதேதான்.

கிராமத்து டாக்டர் | செவ்வாய், இரவு 11:24

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி. ஊர் வேண்டாம்.

பீட்டாமெத்தசோன் அரை மில்லிகிராம் என்பது பிரெட்னிசலோன் 5 மில்லிகிராமுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஒன்றோ இரண்டோ என்றால் 5 முதல் 10 மில்லிகிராம். மூன்று வாரத்துக்கு மேல் போனாலே அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளக்கூடும். இவர் ஒன்றரை ஆண்டைத் தாண்டிவிட்டார். அந்தச் சுரப்பி தர வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோனின் வேலை இப்போது அந்த அட்டையால்தான் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடுங்கிவிட்டு ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குதல், மயக்கம். இரவு வார்டில் இப்படி வருபவரைப் பார்த்ததும் யாருக்கும் ஸ்டீராய்டு நினைவு வராது. கூட வந்தவர் ‘முட்டிவலி மாத்திரை’ என்பார், அவ்வளவுதான் விவரம்.

எனவே தாளடி, நீங்கள் இன்று செய்தவற்றில் மிக முக்கியமானது ‘நிறுத்தாதீர்கள்’ என்று சொன்னது. விற்றீர்களா இல்லையா என்பது அதற்கு அடுத்ததுதான். நாளை வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வையுங்கள். அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவு போதும், சிறப்பு மருத்துவர் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். போக முடியாவிட்டால் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் மருத்துவரிடம் பேச வைக்கலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி மருத்துவர் அனுப்பும் மின்சீட்டு செல்லும், ஆனால் எழுதுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கும் கணக்கை நீங்கள் போட வேண்டாம். அது சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், எலும்பு, நுரையீரல் எல்லாம் பார்த்துப் போட வேண்டிய கணக்கு. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை காலம், கடைசியாக எப்போது சாப்பிட்டார். இந்த நாலு விவரமும் என் மேஜைக்கு வந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

வாந்தி, காய்ச்சல், மயக்கம் ஏதாவது இருந்தால் சீட்டு, புறநோயாளிப் பிரிவு என்று எதுவும் பேசாமல் 108. வண்டியில் வருபவரிடம் முதல் சொல்லே ‘ஸ்டீராய்டு’ என்று இருக்கட்டும்.

மாயூரத்து மகள் | புதன், காலை 6:40

நான் உங்கள் துறை இல்லை. என் அம்மாவும் இதே போல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர். ஒருநாள் வேறு கடையில் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர் கூட்டத்தின் நடுவே, “ஸ்டீராய்டா சாப்பிடுகிறாய்? கிட்னி போய்விடும், உடனே நிறுத்து” என்று சத்தம் போட்டிருக்கிறார். நல்லெண்ணம்தான். அம்மாவுக்கு அவமானம். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அன்றே நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் காய்ச்சலோடு கீழே விழுந்தார். மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் எடுத்தார்கள், என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது எங்களுக்குத் தெரியவில்லை. தங்கை பழைய கைப்பையைத் துழாவி அட்டையைக் கண்டுபிடித்த பிறகுதான் சரியான ஊசி போட்டார்கள்.

தாளடி, அந்த அம்மாவிடம் மெதுவாகப் பேசுங்கள். கவுண்டருக்கு வெளியே வந்து பேசினால் இன்னும் நல்லது.

தாளடி | புதன், இரவு 9:10

அவர் வரவில்லை. பதினொரு மணி வரை பார்த்தேன். ஊர்ப்பெயர் தெரியும், கைப்பேசி எண் வாங்கியிருந்தேன், அது பேரனுடையது, எடுக்கவில்லை. மாலையில் அதே ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கடைத்தெருவில் வேறு ஓர் இடத்தில் நேற்றே கிடைத்துவிட்டதாம்.

அரசலாறு | புதன், இரவு 9:21

எழுதினேனா இல்லையா?

பாமணி | புதன், இரவு 9:34

அண்ணா, இதில் நீங்கள் ஜெயித்தது என்ன என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கடை பில் போட்டிருக்குமா? போட்டால் சீட்டு இல்லாமல் விற்றது பில்லிலேயே தெரியும். போடாவிட்டால் அந்த அட்டையின் பேட்ச் எண்ணுக்கு எந்தக் கணக்கும் இல்லை. 2025 அக்டோபரில் இருமல் மருந்து விவகாரம் வந்ததே, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. தமிழ்நாட்டில் விற்பனையை நிறுத்தச் சொன்ன அன்று என் கடையில் முதலில் புரட்டியது பில் புத்தகத்தைத்தான். யாருக்கு எந்தப் புட்டி போனது என்று தெரிந்தால்தான் ஓர் ஆளை அழைத்துத் திரும்பக் கேட்க முடியும். அட்டையைக் கண்டபடி வெட்டுவதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். தேதியும் பேட்ச் எண்ணும் அச்சான முனையை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து வெட்டினால் கடைசி மாத்திரை வரை அது கடையிலேயே நிற்கும். கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடிக்கிற வேலைதான்.

அரசலாறு | புதன், இரவு 9:50

பில் போடாத கடைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சின்ன ஊரில் கடை நடத்துகிறவன் தலையில் மட்டும் எல்லாத் தர்மத்தையும் கட்டாதீர்கள் என்கிறேன். தாளடி நேர்மையாக நடந்தார், அந்த அம்மா அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறார். என்ன மாறியது?

கிராமத்து டாக்டர் | புதன், இரவு 10:48

இன்னும் எதுவும் மாறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். விற்கவில்லை என்றால் கை சுத்தம் என்று எண்ணுவதும், விற்றால் நோயாளிக்கு உதவி என்று எண்ணுவதும் ஒரே இடத்தில்தான் தட்டி நிற்கின்றன. இரண்டிலும் அந்த அம்மா மருத்துவரிடம் போய்ச் சேரவில்லை. வேலை அங்கேதான் பாக்கி.

தாளடி, ஊர் தெரியும் என்கிறீர்கள். அந்த வயதுக்கு ரத்த அழுத்தம் பார்க்கவாவது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அந்த வீட்டுப் படியேறியிருக்க வாய்ப்பு உண்டு. 2021-இல் தொடங்கிய திட்டம், ஒவ்வொரு தன்னார்வலருக்கும் தெருவெல்லாம் அத்துப்படி. உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரைப் பிடியுங்கள். புகார் சொல்லும் குரலில் பேச வேண்டாம், ‘இவரைப் புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிவர முடியுமா’ என்று மட்டும் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உப்பளத்தான் | வியாழன், காலை 7:15

வேதாரண்யத்திலிருந்து. பாமணி தம்பி விதியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கஜா நினைவுக்கு வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை புயல் கரையேறியது. கம்பமெல்லாம் விழுந்து கிடந்தது. மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடைக் குளிர்ப்பெட்டியில் இன்சுலின் இருந்தது. பெட்டியில் 2 முதல் 8 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.

புத்தகப்படி பார்த்தால் குளிர் விட்டுப்போன சரக்கைத் தனியாக ஒதுக்கி ஸ்டாக்கிஸ்ட்டுக்கு (மொத்த விற்பனையாளருக்கு)த் திருப்பியனுப்ப வேண்டும். சாலையே இல்லாதபோது எந்த வண்டியில் அனுப்புவது? வெளியே சர்க்கரை நோயாளிகள் நிற்கிறார்கள், உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 சர்க்கரை உள்ள ஒரு பள்ளிக்கூடப் பையனும் இருக்கிறான். அவனுக்கு ஊசி இரண்டு நாள் தவறினால் உயிருக்கே வரும். எனக்குத் தெரிந்திருந்தது ஒன்று: பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே பொதுவாக நான்கு வாரம் தாங்கும். உறைந்துபோனால் கட்டாயம் தூக்கிப் போட வேண்டும். நவம்பர் மழைக்காலம், மேமாத வெயில் இல்லை. மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் ஒரு சின்னப் பானையில் மருந்தை வைத்து மூடினோம். ஒவ்வொரு புட்டியிலும் மின்சாரம் போன தேதியை எழுதி ஒட்டினேன், அதிலிருந்து நான்கு வாரத்துக்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதினேன். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால் எடுத்துவிட்டேன். வாங்கியவர்களிடம் நடந்ததை மறைக்கவில்லை, வாரம் ஒருமுறை சர்க்கரை பாருங்கள், ஏறினால் புட்டியைக் கொண்டு வாருங்கள் என்றேன். மின்சாரம் வந்ததும் மிச்சத்தை அழித்துக் கணக்கு எழுதினேன்.

எல்லோரிடமும் சீட்டு இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். விதியை மீறத் துணிந்த கதையாக இதைப் படிக்க வேண்டாம். பெட்டியில் அச்சிட்ட வரி எதற்காக அப்படி அச்சிடப்பட்டது என்று தெரிந்திருந்தால் வெள்ளத்திலும் புயலிலும் கை நடுங்காது.

கோரையாறு | வியாழன், காலை 8:02

கஜா அன்று பட்டுக்கோட்டையிலும் இதே கதைதான் ஐயா. தென்னை போன துக்கத்தில் மருந்து கேட்கக்கூட ஆள் வரவில்லை.

வெட்டாறு | வியாழன், இரவு 8:33

திருவாரூர்ப் பக்கம், நானும் பெண் மருந்தாளுநர். ‘கிடையாது என்று சொன்ன பிறகு என்ன’ என்ற பேச்சு ஓடுவதால் என் கேள்வியையும் வைக்கிறேன். இதில் சட்டம் தடுக்கவில்லை, நாமேதான் தடுக்கிறோம்.

கணவர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்று ஓர் இளம்பெண் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு வந்தார். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், சீட்டு இல்லாமல் விற்க அனுமதி உள்ள மருந்து. தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. எங்கள் கடையிலும் இல்லை. எனக்கு முன் ஏறிய கடைகளில் அவர் பட்ட பேச்சு முகத்திலேயே தெரிந்தது. 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ‘இல்லை’ என்று ஒவ்வொரு கடையும் சொல்லும்போது மருந்தின் பலன் குறைந்துகொண்டே போகிறது. அவருக்கு ஏற்கெனவே கரு உருவாகியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது, இதை ஒரு மருந்தாளுநருக்கு விளக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

மாவட்டத் தலைநகரில் வைத்திருக்கும் ஒரு கடைக்கு அழைத்து இருப்பு உறுதிசெய்து அனுப்பினேன். கிடைக்காவிட்டால் ஐந்து நாளுக்குள் கருப்பையில் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், அரசு மருத்துவமனையில் கேளுங்கள் என்றும் சொன்னேன். முதலாளியிடம் ஒரு பெட்டியாவது வாங்கி வைப்போம் என்று கேட்கிறேன், நகர மறுக்கிறார்.

அரசலாறு | வியாழன், இரவு 8:51

நானும் வைப்பதில்லை. வைத்தால் ஊர்வாய் சும்மா இருக்காது. ‘அந்தக் கடையில் அதெல்லாம் விற்கிறான்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் குடும்பத்துக் கூட்டம் நின்றுவிடும்.

வெட்டாறு | வியாழன், இரவு 9:05

ஆணுறையைக் கண்ணாடிப் பெட்டியில் முன்னால்தானே வைத்திருக்கிறீர்கள் அண்ணா? அதற்கு ஊர் ஒன்றும் சொல்லவில்லையா?

கிராமத்து டாக்டர் | வியாழன், இரவு 11:02

வெட்டாறு சொல்வது சரி. ஊர்வாய்க்குப் பயந்து இதை ஒதுக்குகிற சில கடைகளிலேயே கருக்கலைப்பு மாத்திரைப் பெட்டி கல்லாவுக்குக் கீழிருந்து வருவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பயப்பட வேண்டியது அதற்குத்தான். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்துக்குட்பட்டு மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, குழாய் வெடிக்கக்கூடும். ரத்தம் போய் வெளிறி வருகிற பெண்ணிடம் எந்தக் கடை என்று கேட்பதற்குக்கூட நேரம் இருக்காது.

அரசலாறு | வெள்ளி, காலை 7:20

டாக்டர் ஐயா, அதை நான் தொட்டதே இல்லை. அந்த 72 மணி நேர மாத்திரை விஷயத்தை யோசிக்கிறேன். இன்றே வாங்கி வைக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

பாமணி | வெள்ளி, இரவு 10:12

மன்னார்குடியில் எங்கள் கடைக்கு வந்த ஒரு சீட்டைப் பற்றி எழுதுகிறேன். இதில் சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. பதிவு எண்ணோடு மருத்துவர் கையெழுத்து, தேதி, பெயர், வயது. மருந்து: மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மில்லிகிராம். பக்கத்தில் 1-0-0, அதாவது தினமும் காலையில் ஒன்று, முப்பது நாள். கூடவே ஃபோலிக் ஆசிட்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை. தினமும் போனால் வாய் புண்ணாகும், வெள்ளை அணுக்கள் சரியும், ஆளே போய்விடலாம். மருத்துவருக்கு இது தெரியாமல் இல்லை, அவசரத்தில் பி.பி. மாத்திரை வரிசையிலேயே கை எழுதிவிட்டது. கிளினிக்குக்குப் போன் செய்தால் எடுத்தவர், “டாக்டர் எழுதியதைக் கொடுங்கள், உங்களுக்கு என்ன?” என்றார். சீட்டு கொண்டுவந்த பெரியவரின் மகனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது.

இதற்கு முன் எப்படிச் சாப்பிட்டார் என்று மகனிடம் கேட்டேன். தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவையே பேச வைத்தேன். “அது ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தம்பி, கோயிலுக்குப் போய்விட்டு வந்து போடுவேன்” என்றார் பெரியவர். அவருக்கு இருந்த தெளிவு சீட்டில் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை, ஞாயிறு வரை அவகாசம் இருந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டை அன்று கொடுக்கவில்லை, மற்ற மருந்துகளைக் கொடுத்துவிட்டு மருத்துவரின் சொந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் காலை அவரே அழைத்தார், திருத்திய சீட்டை அனுப்பினார். கோபப்படவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நான்கு வாரத்துக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தேன். உறையில் ‘ஞாயிறு மட்டும். மற்ற நாள் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அன்றிலிருந்து யாருக்கு இந்த மருந்தைக் கொடுத்தாலும் கிழமையை நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் உறையில் எழுதுகிறேன்.

2015-இல் வந்த மருந்தியல் தொழில்முறை ஒழுங்குவிதிகளில் சீட்டைச் சரிபார்ப்பதும் நோயாளிக்கு விளக்குவதும் மருந்தாளுநரின் கடமை என்று இருக்கிறது. ‘உங்களுக்கு என்ன’ என்று போனில் கேட்டவருக்கு அடுத்த முறை இதைச் சொல்ல வேண்டும்.

கோரையாறு | வெள்ளி, இரவு 10:40

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை! இந்த ஊர்ப் பெரியவர்களை நம்பலாம்.

தாளடி | திங்கள், இரவு 8:25

தாமதத்துக்கு மன்னிக்கவும். டாக்டர் ஐயா சொன்னபடி செவிலியர் அக்காவைப் பிடித்தேன். அந்தத் தெருவின் தன்னார்வலருக்கு அம்மாவை நன்றாகத் தெரிந்திருந்தது, போய்ப் பேசி இன்று காலை கூட்டிவந்துவிட்டார். கடையைக் கடந்துதான் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான் வெளியே வந்து பேசினேன். “நீ திட்டுவாய் என்று நினைத்து அன்றைக்கு வரவில்லை தாயி” என்றார். மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மாயூரத்து மகள் எழுதியதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

கையில் ஒரு தாள் கொடுத்தனுப்பினேன். புறநோயாளிச் சீட்டோடு அதைச் சேர்த்துப் பின் அடித்துவிட்டார்களாம். சர்க்கரை எகிறியிருக்கிறது, அவருக்குச் சர்க்கரை இருப்பதே இன்றுதான் தெரிந்தது. ரத்த அழுத்தமும் கூட. மார்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள், கண் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார்கள். பீட்டாமெத்தசோனுக்குப் பதில் காலையில் ஒருவேளை பிரெட்னிசலோன், அளவை மெதுவாகக் குறைப்பார்கள், மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. குறைக்கக் குறைக்க வலி கூடும் என்று எனக்குப் பயம். அப்போது மறுபடியும் அந்தக் கடைத்தெருவுக்குப் போகமாட்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று அரசு மருத்துவமனையில் இல்லாத ஒரு மருந்துக்கு அந்தத் தன்னார்வலர் அக்கா எங்கள் கடைக்கு ஆள் அனுப்பியதும் கொஞ்சம் இளகினார்.

கிராமத்து டாக்டர் | திங்கள், இரவு 10:05

நல்லது. வலி கூடும் என்ற பயம் சரியானது, அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். வலி தாங்காமல் டைக்ளோஃபெனாக் தானாக வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தால் ஸ்டீராய்டோடு சேர்ந்து குடல்புண்ணில் ரத்தம் கசியும், இப்போது சர்க்கரையும் அழுத்தமும் இருப்பதால் சிறுநீரகத்துக்கும் கேடு. பாரசிட்டமாலோடு நிற்கச் சொல்லுங்கள். மாத்திரையைக் கைவிடும் நாள் வரும், அதுவரை ஒருவேளையும் தவறக் கூடாது.

அந்தத் தாளில் என்ன எழுதினீர்கள்? இங்கே போடுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். பெயர் வேண்டாம்.

தாளடி | திங்கள், இரவு 10:30

இப்படித்தான் எழுதினேன் ஐயா:

‘பெண், வயது சுமார் 60. பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி., தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. ஒன்றரை ஆண்டுக்கு மேல், மருத்துவர் ஆலோசனை இல்லாமல். கடைசி மாத்திரை இன்று காலை 7 மணி. நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். முகவீக்கம், கையில் ஊதாத் திட்டு, உட்கார்ந்து எழச் சிரமம். வேறு வலி மாத்திரை எடுத்ததாகச் சொல்லவில்லை.’

கீழே என் பெயர், பதிவு எண், கடைத் தொலைபேசி எண். நோயின் பெயர் எதுவும் எழுதவில்லை, அது என் வேலை இல்லை.

அரசலாறு | செவ்வாய், காலை 6:55

இந்தத் தாளை அச்சடித்துக் கவுண்டரில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. கட்டங்கள் போட்டு, நிரப்புகிற மாதிரி. பேப்பர் செலவு ஒன்றும் பெரிதில்லை. தங்கச்சி, ‘கடை எண்’ என்பதை மேலே போடுங்கள், டாக்டர் திரும்ப அழைக்க வசதி.

கோரையாறு | செவ்வாய், காலை 7:30

நல்ல யோசனை அண்ணா. எனக்கு ஒரு சந்தேகம். பி.பி. மாத்திரைக்கு ஒரு வருஷத்துக்கு முந்தைய சீட்டோடு மாதாமாதம் வருகிறார்களே, அதை என்ன செய்கிறீர்கள்? திரும்பக் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் என்று அதே 65-ஆவது விதி சொல்கிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் கடையில் பாதிப் பேருக்கு மருந்தே கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் பக்கவாதம் வந்து நிற்பார்கள்.

நெறியாளர் | செவ்வாய், காலை 9:00

கோரையாறு, இது பெரிய பேச்சு. ‘பழைய சீட்டு’ என்று தனி இழை தொடங்குங்கள். அரசலாறும் பாமணியும் எப்படியும் அங்கே வந்துவிடுவார்கள்.